களவும் துப்பும்: தன்பாலீர்ப்புக் காதற்புனைவும் மர்மப்புனைவும் (கோலார் தங்கவயல் வாசிப்பு நிலையிலிருந்து)

தமிழ்ப் புனைகதை பற்றிய பல்கலைக்கழக ஆய்வுகளைத் தொகுத்து நோக்குமிடத்து, மர்மப்புனைவும் காதற்புனைவும் அவற்றில் உரிய இடம் பெறவில்லை என்பது எளிதில் புலனாகும். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருந்திரளான வாசகரை ஈர்த்தவர்கள் என்று நாவல் வரலாற்று நூல்கள் ஒரு பத்தியில் ஒப்புக்கொள்கின்றன. அடுத்த பத்தியிலேயே ‘இலக்கியத்தரம்’ உடையோரைத் தேடிச் சென்றுவிடுகின்றன. காதற்புனைவின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அகத்திணை பற்றி எண்ணற்ற ஆய்வேடுகள் எழுந்துள்ள ஒரு துறையில், மாத நாவலாக வரும் காதற்கதை ‘பொழுதுபோக்கு’ என்னும் ஒற்றைச் சொல்லால் விலக்கப்படுகின்றது. இவ்விரு வகைமைகளிலும் ஆணை விரும்பும் ஆண் கதைத்தலைவனாக வருமிடத்து ஆய்வாளரின் தயக்கம் இரட்டிப்பாகின்றது. முதல் தயக்கத்திற்குத் தரமும் இரண்டாம் தயக்கத்திற்கு ஒழுக்கமும் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. அத்தகைய புனைவுகளை எவ்வாறு வாசிப்பது, அவற்றில் எதனைச் சுவைப்பது என்பதைக் கோலார் தங்கவயல் தமிழ் வாசகரின் நிலையிலிருந்து ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

தங்கவயல் என்னும் நிலைக்களன்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கிய தங்கச் சுரங்கப்பணி 2001 பிப்ரவரி 28 அன்று முடிவுக்கு வந்தது. இடைப்பட்ட நூற்றிருபது ஆண்டுகளில் வடஆர்க்காடு, சேலம் முதலான பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழர்கள், அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், சாம்பியன் ரீப், மாரிக்குப்பம் முதலிய இடங்களின் தொழிலாளர் ‘லைன்’களில் தலைமுறைகளாக வாழ்ந்தனர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தச் சிந்தனை ஆழ வேரூன்றிய ஊர் இது. அவர் 1914இல் மறைந்த பின்னர், 1926 முதல் ‘தமிழன்’ இதழை ஜி. அப்பாதுரையார் இங்கிருந்தே நடத்தினார். பண்டிதரின் நூல்கள் இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை வழியாக மக்களைச் சென்றடைந்தன. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உழைத்துவிட்டு மேலேறி வந்தவர்கள் படித்த ஊர் என்பதை இலக்கிய வரலாறு போதிய அளவு கருத்திற் கொண்டதில்லை.

இன்றைய தங்கவயல் வாசகர் மும்மொழிச் சூழலில் நிற்பவர். வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்திலும் பள்ளியிலும் கன்னடம், பழைய சுரங்க அலுவலகத்தின் எச்சமாகவும் புதிய பெங்களூர் வேலையின் தேவையாகவும் ஆங்கிலம். சுரங்கம் மூடப்பட்டபின், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் தொடர்வண்டியில் சென்று திரும்பும் தலைமுறை ஒன்று உருவாகியுள்ளது. தன்பாலீர்ப்புப் புனைவு அந்த வாசகருக்குத் தமிழிலிருந்து சிறிதளவும், கன்னடத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் பேரளவும் கிடைக்கின்றது. இம்மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடும் வாய்ப்பு சென்னை வாசகருக்குக்கூட இத்துணை இயல்பாக அமைவதில்லை.

சொல்லாட்சி பற்றி

‘ஓரினச்சேர்க்கை’ என்னும் சொல் செய்தித்தாள்களில் நெடுங்காலம் வழங்கியது. அச்சொல் செயலை மட்டும் சுட்டுகின்றது; விருப்பத்தையும் ஏக்கத்தையும் காத்திருத்தலையும் அது கணக்கிற் கொள்வதில்லை. மேலும், மாந்தர் அனைவரும் ஓரினமே ஆதலின், அச்சொல்லை நேர்பொருளிற் கொண்டால் அது எல்லாத் திருமணங்களையும் குறிக்கும்! ‘தன்பாலீர்ப்பு’ என்பது ஈர்ப்பை முதன்மைப்படுத்துவதால் காதற்புனைவு பற்றிய திறனாய்வுக்கு ஏற்றதாகின்றது. சென்னை உயர்நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டு ஆணையைத் தொடர்ந்து நிகழ்ந்த வழக்குப் போக்கில், இத்தகைய சொற்களுக்கான தமிழ்ச் சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. ஒரு சொல்லுக்காக நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தமையே இத்துறையில் தமிழ்ப் புனைவு ஏன் காலந்தாழ்த்தது என்பதற்கு ஓரளவு விடையாகும்.

களவு என்னும் இருபொருட்சொல்

தமிழ் மரபு இங்கு ஒரு திறவுகோலைத் தருகின்றது. ‘களவு’ என்னும் சொல் திருட்டையும் குறிக்கும், மறைவான காதலையும் குறிக்கும். பிறர் அறியாமல் கொள்வது என்னும் பொதுமை இரண்டிற்கும் அடிப்படை. மர்மப்புனைவு முதற் களவை ஆராய்வது. காதற்புனைவு இரண்டாம் களவைப் பாடுவது. தன்பாலீர்ப்புப் புனைவிலோ இவ்விரு களவுகளும் ஒன்றாகிவிடுகின்றன. காதலே குற்றமாக எழுதப்பட்ட சட்டத்தின் கீழ் வாழும் காதலர்க்கு மறைவு என்பது சுவையன்று, காப்பு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு 1860இல் இயற்றப்பட்டது. அதனைத் தில்லி உயர்நீதிமன்றம் 2009இல் தளர்த்தியது. உச்சநீதிமன்றம் 2013இல் மீண்டும் நிலைநிறுத்தியது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தோரின் இசைவான உறவுக்கு அது பொருந்தாது என அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இக்காலப்பகுதியில் எழுந்த புனைவுகளில் காதலர் ஒளிவதும் துப்பறிவோர் தேடுவதும் ஒரே இடத்தில் நிகழ்வதில் வியப்பில்லை.

தொல்காப்பியக் களவியல் காட்டும் நிகழ்வுகளை ஈண்டு எண்ணிப் பார்க்கலாம். குறியிடத்துச் சந்திப்பு, ஊரார் தூற்றும் அலர், தாய் மகளை வீட்டில் அடைக்கும் இற்செறிப்பு, தோழி வரைவு கடாதல், வேலனை அழைத்து நிகழ்த்தும் வெறியாட்டு, தோழி அறத்தொடு நிற்றல், இறுதியாக வரைவு அல்லது உடன்போக்கு. இவற்றுள் வெறியாட்டு தனித்து நோக்கத்தக்கது. மகளின் மெலிவுக்குக் காரணம் யாது என்று தாய் தேடுகிறாள். கட்டுவிச்சி குறி சொல்கிறாள். வேலன் முருகு அணங்கியது என்கிறான். சான்றுகள் யாவும் உடலின் மீதே உள்ளன. முடிவு மட்டும் பிழையாகின்றது. உண்மையான காரணத்தை அறிந்தவள் தோழி. அவள் பேசும்வரை விசாரணை தவறான திசையிலேயே செல்கின்றது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, 261 அடிகளிலும், தோழி செவிலிக்கு உண்மையைப் படிப்படியாக வெளிப்படுத்தும் உரையாகவே அமைந்துள்ளது. மர்ம நாவலின் இறுதி இயலில் துப்பறிவோர் அனைவரையும் கூட்டிவைத்துப் பேசுவதை ஒத்த அமைப்பு அது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. துப்பறிவோர் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கப் பேசுகிறார்; தோழி காதலைக் காத்துக்கொடுக்கப் பேசுகிறாள்.

தொல்காப்பியர் தலைவன் தலைவி என ஆண் பெண் இருவரையே கருதினார் என்னும் மறுப்பு இங்கு எழும். அம்மறுப்பு உண்மையானதே. இக்கட்டுரை இலக்கணத்தின் அமைப்பைக் கடன் கொள்கிறதேயன்றி, அதன் ஒப்புதலைக் கோரவில்லை. பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் கொண்ட நட்பைத் தன்பாலீர்ப்பு எனப் பெயரிட்டு முன்னோரைத் துணைக்கழைக்கும் போக்கும் இங்குப் பயன்படாது; அந்நட்பை அதன் பெயரிலேயே விட்டுவிடுவது தகும். மற்றொரு தவறும் நிகழக்கூடும். இத்தகைய காதலைப் ‘பெருந்திணை’யில் சேர்த்துவிடலாம் எனச் சிலர் கருதலாம். பெருந்திணை என்பது பொருந்தாக் காதல். இருவரும் ஒத்து விரும்பும் காதல் எதுவாயினும், அதன் உணர்வமைப்பு ஐந்திணைக்கு உரியது. பொருந்தாமை ஊராரின் பார்வையில் இருக்கலாம், காதலரிடத்தில் இல்லை.

ஃபார்ஸ்டரும் ஹேன்சனும்

ஈ.எம். ஃபார்ஸ்டர் ‘மோரிஸ்’ நாவலை 1913–14இல் எழுதி, 1970இல் தாம் இறக்கும்வரை வெளியிடவில்லை. அது 1971இல் வெளிவந்தது. ஏறத்தாழ அறுபதாண்டுகள் கையெழுத்துப்படியாகவே இருந்தமைக்குக் காரணம் நாவலின் பொருள் மட்டுமன்று, முடிவும்கூட. காதலர் இருவரையும் பிரிக்காமலும் கொல்லாமலும் சேர்த்து வைக்க வேண்டும் என்பதில் ஃபார்ஸ்டர் உறுதியாக இருந்தார். ஒருவன் தூக்கிட்டுக்கொண்டு இறந்திருந்தால் நாவலை வெளியிடுவது எளிதாக இருந்திருக்கும் என்ற கசப்பான புரிதலும் அவருக்கு இருந்தது. ‘இன்பமுடிவு மலிவானது’ என்னும் பொதுவான திறனாய்வுக் கருத்து இவ்விடத்தில் தலைகீழாகின்றது. துன்பமுடிவே சட்டத்துக்கு இணங்கிய முடிவு; இன்பமுடிவே துணிந்த முடிவு. காதற்புனைவின் மரபான இன்பமுடிவைத் தன்பாலீர்ப்பு வாசகர் ஏன் அத்துணை விரும்புகின்றனர் என்பதை இதனைக் கொண்டே விளக்க முடியும்.

இந்நாவலில் மர்மக்கூறும் உண்டு. வேட்டைக்காவலனாகிய அலெக் எழுதும் மடலை மோரிஸ் மிரட்டலாகவே படிக்கிறான். இருவரும் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் சந்திக்கும் இயலில், காதல் மடலா பணம் பறிக்கும் மடலா என்பதை வாசகரும் உறுதிசெய்ய இயலாத நிலை ஏற்படுகின்றது. சட்டம் ஒரு காதலைக் குற்றமாக்கும்போது ஒவ்வொரு காதல் மடலும் தடயப்பொருளாகிவிடும் என்பதை இவ்வியல் உரைக்காமல் உணர்த்துகின்றது. இறுதியில் இருவரும் ஊரைத் துறந்து காட்டை நாடுவது தமிழ் வாசகருக்கு உடன்போக்காகவே தோன்றும். பாலை வழியிற் செல்லும் தலைவிக்குப் பின்னே அழும் நற்றாய் மட்டும் இங்கில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜோசஃப் ஹேன்சன் 1970இல் வெளியிட்ட ‘ஃபேட்அவுட்’ வேறொரு திசையில் செல்கின்றது. காப்பீட்டு நிறுவனத்தின் மரண ஆய்வாளராகிய டேவ் பிராண்ட்ஸ்டெட்டர் இதன் நாயகர். 1991 வரை பன்னிரண்டு நாவல்களில் அவர் தொடர்ந்து தோன்றினார். தன்பாலீர்ப்பு அவருக்கு மர்மமுமன்று, குறையுமன்று. நாவல் தொடங்கும்போது தம்முடன் நெடுங்காலம் வாழ்ந்த துணைவரை நோய்க்குப் பறிகொடுத்த துயரில் இருக்கிறார். பாலத்திலிருந்து மகிழுந்து கவிழ்ந்தும் உடல் கிடைக்காத வானொலிக் கலைஞர் ஒருவர் உண்மையில் இறந்தாரா என்பதை அவர் கண்டறிய வேண்டும். விசாரணை முன்னேற முன்னேற, ‘இவர் இறந்தாரா?’ என்னும் கேள்வி ‘இவர் யாரை விரும்பினார்?’ என்பதாக மாறுகின்றது. குடும்பத்தார், காவல்துறையினர் ஆகியோருக்குப் புலப்படாத குறிப்புகள் டேவுக்குப் புலப்படுவதற்குக் காரணம், அவரும் அத்தகைய வாழ்வை வாழ்ந்தவர் என்பதே. வேலன் பிழைபட்ட இடத்தில் தோழி அறிவது போன்றது இது. துப்பறிவோரும் தோழியும் ஒரே பாத்திரத்தில் இணைவதே ஹேன்சனின் சாதனை எனலாம். மொழிநடையில் அவர் சிக்கனமானவர். கதைப்பின்னலில் சில நாவல்கள் தளர்கின்றன. எனினும் முதல் நாவலின் துயர்த்தொனி ஒன்றே அவரை நிலைநிறுத்தப் போதுமானது.

தமிழ் மாத நாவல்களின் இணைகள்

தங்கவயல் தொடர்வண்டிப் பயணம் போன்ற நெடிய அன்றாடப் பயணங்களுக்கு அளவெடுத்தாற்போல் அமைந்தவை 1980களில் பெருகிய தமிழ் மாத நாவல்கள். ஒரு நாள் சென்று திரும்பும் நேரத்தில் ஒரு கொலை நிகழ்ந்து, துப்புத் துலங்கி, முடிந்துவிடும். இவற்றின் துப்பறிவாளர்களை வரிசைப்படுத்தினால் ஓர் ஒழுங்கு தென்படுகின்றது. ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலா. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துக்குச் சுசீலா. சுபாவின் நரேந்திரனுக்கு வைஜயந்தி. முன்னைய தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கும் இந்திரா என்னும் மனைவி உண்டு. துப்பறிதல் என்னும் தொழிலுக்குத் துணைவி தேவையில்லை. வாசகரின் மன அமைதிக்கு அவள் தேவைப்பட்டாள் போலும்.

இவ்வொழுங்கிலிருந்து விலகுபவர் சுஜாதா. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அவர் படைத்த கணேஷ், வஸந்த் ஆகிய வழக்கறிஞர் இருவரும் ஆண்கள், மணமாகாதவர்கள், எந்நேரமும் சேர்ந்தே இருப்பவர்கள். இந்நெருக்கத்தை எவரும் வேறுவிதமாகக் கொள்ளாதவாறு காப்பது வஸந்தின் ஓயாத பெண்ணாசைப் பேச்சு. ஈவ் கோசோஃப்ஸ்கி செட்ஜ்விக் 1985இல் ஆண்களுக்கிடையிலான பிணைப்புப் பற்றி எழுதிய நூலில், இரு ஆண்களின் நெருக்கம் ஒரு பெண்ணின் ஊடாகவே பேசப்படுவதைக் காட்டினார். வஸந்தின் நகைச்சுவையை அந்நோக்கில் வாசிக்கும்போது அது வெறும் கிளுகிளுப்பாக நில்லாமல் கதைக்கட்டமைப்பின் தாங்குதூணாகத் தெரிகின்றது. கணேஷும் வஸந்தும் காதலர் என்று கூறுவது இங்கு நோக்கமன்று. அவ்வாறு எவரும் எண்ணிவிடக்கூடாது என்பதற்காக ஆசிரியர் எடுத்துக்கொள்ளும் உழைப்பே கவனத்திற்குரியது.

தன்பாலீர்ப்பு வெளிப்படையாகத் தலைகாட்டும்போது தமிழ்க் குற்றக்கதை என்ன செய்கின்றது என்பதற்குத் திரைப்படச் சான்று ஒன்று போதும். ‘வேட்டையாடு விளையாடு’ (2006) படத்தில் தொடர்கொலை புரியும் இளமாறன், அமுதன் என்னும் இரு நண்பர்களின் நெருக்கம், காவல் அதிகாரியின் ஒரு கேள்வியில் இழிவுக்குறிப்பாக வெளிப்படுகின்றது. கொடூரத்திற்கு விளக்கம் தேடும் படைப்பு, காதலை அவ்விளக்கத்தின் ஒரு பகுதியாக்கிவிடுகின்றது. வெறியாட்டில் வேலன் செய்த பிழையே இதுவும்: உடலில் கண்ட குறிக்குத் தான் அறிந்த ஒரே காரணத்தைப் பொருத்திவிடுதல்.

கைரேகையின் இருபக்கம்

மர்மப்புனைவின் அடிப்படை நம்பிக்கை ஒன்றைத் தங்கவயல் வரலாறு கேள்விக்குட்படுத்துகின்றது. உடல் உண்மை பேசும், தடயம் பொய்யுரைக்காது என்பதே அந்நம்பிக்கை. கைரேகை அதன் திருவுரு. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் அமைந்தபின், உலகத் துப்பறியும் கதைகளில் கைரேகை அறிவியலின் வெற்றியாக உலவத் தொடங்கியது. தங்கவயலில் அது வேறுபொருள் பெற்றது. தங்கத் திருட்டைத் தடுப்பதன் பெயரால் மைசூர் அரசின் சுரங்கச் சட்டங்கள் தொழிலாளரைப் பொதுவாகவே ஐயத்துக்குரியோராக நடத்தின. கணக்குக் காட்ட இயலாத தங்கக் கனிமத்தை வைத்திருத்தலே குற்றமாயிற்று. வேலை முடிந்து வெளியேறுவோர் உடற்சோதனைக்கு உள்ளாயினர். 1930இல் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதியும் முறை புகுத்தப்பட்டபோது, அதனை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. ஜானகி நாயரின் ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்’ (1998) என்னும் ஆய்வுநூல் தங்கவயல் தொழிலாளர் வரலாற்றை விரிவாகப் பதிவு செய்துள்ளது. குற்றம் புரியாதவரிடம் குற்றவாளியின் அடையாளத்தைக் கேட்பது இழிவு என்பதை, துப்பறியும் கதை படிக்காமலே அத்தொழிலாளர் அறிந்திருந்தனர்.

இவ்வரலாற்றை மனத்திற்கொண்ட வாசகர் துப்பறிவாளரை எளிதில் நம்பமாட்டார். தேடுபவர் யார், எவருடைய ஊதியத்தில் தேடுகிறார், கண்டறிந்த உண்மையால் எவருக்குப் பயன் என்று கேட்பார். தன்பாலீர்ப்பு மர்மப்புனைவும் இதே வினாக்களையே எழுப்புகின்றது. ஓர் இனத்தின் கைகளைச் சட்டம் தடயமாக்கியது; மற்றோர் பிரிவினரின் காதலைச் சட்டம் தடயமாக்கியது. இரண்டும் ஒன்றல்ல. எனினும் ஒன்றனை அறிந்தவர்க்கு மற்றொன்று அயலானதும் அன்று.

இந்நோக்கில் ஜெர்ரி பிண்டோவின் ‘மர்டர் இன் மாஹிம்’ (2017) சிறப்பாக வாசிக்கத்தக்கது. மும்பை மாட்டுங்கா ரோடு தொடர்வண்டி நிலையக் கழிப்பறையில் இளைஞன் ஒருவன் வயிறு கிழிக்கப்பட்டுக் கிடக்கிறான். ஓய்வுபெற்ற இதழாளர் பீட்டர் டிசோசா, தம் நண்பராகிய காவல் ஆய்வாளர் ஜெண்டேயுடன் இணைந்து துப்பறிகிறார். மறைவாக வாழும் ஆண்களை மிரட்டிப் பணம் பறிக்கும் காவலர்களை நாவல் காட்டுகின்றது. தேடுவோரே பறிப்போராகவும் இருக்கும் உலகம் அது. இவற்றைவிட ஆழமானது பீட்டரின் அச்சம். தம் மகனும் இவ்வுலகைச் சேர்ந்தவனோ, கொலையோடு தொடர்புடையவனோ என்னும் ஐயம் அவரைத் தின்கின்றது. கொலையாளியைத் தேடும் தந்தை உண்மையில் தம் மகனைத் தேடுகிறார். வெறியாட்டுக்கு ஏற்பாடு செய்யும் தாயின் நிலை இதுவே. மகனிடம் நேரே கேட்டிருந்தால் அரைநாளில் முடிந்திருக்கும் தேடல், கேட்க இயலாமையால் நாவல் முழுதும் நீள்கின்றது. பிண்டோவின் கதைமுடிச்சு சில இடங்களில் தற்செயலை மிகுதியும் நம்புகின்றது. மும்பையைப் பற்றிய அங்கதம் விசாரணையின் வேகத்தைக் குறைக்கின்றது. ஆயினும் தந்தையின் நாணமும் அன்பும் ஒருங்கே வெளிப்படும் பகுதிகள் இந்நாவலை வகைமை எல்லைக்கு அப்பால் கொண்டு செல்கின்றன.

மோகனஸ்வாமி: வரைவற்ற களவு

தங்கவயல் வாசகர் தாம் வாழும் மாநிலத்தின் மொழியிலேயே படிக்கக்கூடிய படைப்பு வசுதேந்திராவின் ‘மோகனஸ்வாமி’ (2013). பல்லாரி மாவட்டத்துச் சந்தூர் என்னும் கனிமச்சுரங்க ஊரைச் சேர்ந்த அவர், பெங்களூர் மென்பொருள் துறையில் பணியாற்றியவர். சிற்றூரில் மிதிவண்டி ஓட்டக் கற்க இயலாத சிறுவன் கேலிக்கு ஆளாவதும், வளர்ந்தபின் பெங்களூர் அடுக்ககத்தில் தன்னுடன் வாழ்ந்த கார்த்திக் ஒரு பெண்ணை மணக்க முடிவு செய்வதை எதிர்கொள்வதும் இத்தொகுப்பின் மறக்கவியலாப் பகுதிகள். இவற்றைத் தமிழ் வாசகர் அகமரபின்வழி படிக்கும்போது புதிய பொருள் கிடைக்கின்றது. சங்க அகப்பாடல்களில் தோழி ‘விரைந்து மணம் பேசுக’ என்று தலைவனை நெருக்குவாள். மோகனஸ்வாமிக்கு அவ்வாறு நெருக்கத் தோழியும் இல்லை, பேசுவதற்கு மணமும் இல்லை. வரைவு என்னும் சொல் அவன் வாழ்வில் நுழையும் ஒரே தருணம், கார்த்திக்கின் திருமணம் வேறொருத்தியோடு உறுதியாகும்போதுதான். களவுக்கு முடிவாகிய சடங்கே அவனுக்குப் பிரிவாகிவிடுகின்றது. இத்தலைகீழாக்கத்தை நூலாசிரியர் ஓலமிட்டுச் சொல்லவில்லை. வீட்டுவேலை, சமையல், உறக்கம் ஆகிய அன்றாடச் செயல்களின் ஊடே காட்டுகிறார். கன்னடத்தில் இந்நூல் பெற்ற வரவேற்புக்கு அந்நடை பெருங்காரணம். இறுதிக்கதையில் மோகனஸ்வாமி கிளிமஞ்சாரோ மலையேறுவது சற்று வெளிப்படையான குறியீடு; முந்தைய கதைகளின் நுண்மை அதில் இல்லை.

தமிழின் இருப்பும் இன்மையும்

தமிழில் இப்பொருள் முற்றிலும் இல்லாமற் போகவில்லை. கி. ராஜநாராயணனின் ‘கோமதி’, பெண்மை மிகுந்த ஆண் ஒருவனின் ஏக்கத்தைப் பரிவோடு சொன்ன சிறுகதை. கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’ (1978) கணேசன் என்னும் அழகிய சிறுவன் வசதி படைத்த ஆண் ஒருவரின் இச்சைக்கு உட்படுவதையும், பின்னர்த் தொழுநோயால் அனைத்தையும் இழப்பதையும் கூசாமல் எழுதியது. நாவலாக அது பெரும்படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயின் அதில் வருவது காதலன்று. ஆதரவற்ற உடலின் மீது செல்வம் செலுத்தும் ஆதிக்கம். அதனைத் தன்பாலீர்ப்பு இலக்கியத்தின் முன்னோடி என்று மட்டும் சுட்டி நின்றுவிடுவது, அச்சுரண்டலையே காதலின் இலக்கணமாக ஏற்பதாகிவிடும். சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ திருநங்கையர் வாழ்வைப் பேசுவது. அதனை இப்பட்டியலில் சேர்த்து எண்ணும் வழக்கம் இருவேறு வாழ்வுகளைக் குழப்புவதாகும். 2018இல் குயர் சென்னை குரோனிக்கிள்ஸ் வழியாக வந்த கிரீஷின் ‘விடுபட்டவை’, தன்பாலீர்ப்பை உள்ளிருந்து எழுதிய தமிழ்த் தொகுப்புகளுள் குறிப்பிடத்தக்கது.

பெரும்படைப்பு உண்டு, உள்ளிருந்து எழும் குரலும் உண்டு. ஆயினும் பயணத்தில் படித்து முடித்து அருகிலிருப்பவரிடம் கைமாற்றித் தரத்தக்க ஒரு காதற்கதை, ஒரு மர்மக்கதை தமிழில் இன்னும் அரிதாகவே உள்ளது. தீவிர இலக்கியம் வாசகரிடம் துயரத்தைப் பகிர்ந்துகொள்கின்றது. வெகுசன வகைமையோ இன்னார் வாழ்வதும் மகிழ்வதும் இயல்பே என்பதை வாதிடாமலே பழக்கப்படுத்துகின்றது. ‘துப்பு’ என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் நுகர்ச்சி என்னும் பொருளும் உண்டு. மர்மக்கதையில் வாசகர் தேடுவது தடயத்தை மட்டுமன்று என்பதை அப்பழம்பொருள் ஒருவாறு உணர்த்தும்.

அத்தகைய தமிழ் மர்மப்புனைவு எழுதப்படுமாயின், அதற்குத் தங்கவயலைக் காட்டிலும் பொருத்தமான களம் காண்பது அரிது. கொலையோ பெருநகரத்துக் கழிப்பறையோ அதற்குத் தேவையில்லை. ஹேன்சன் காட்டிய வழியில், இறப்புக்குப் பின் எழும் உரிமைக் கேள்வி ஒன்றே போதும். சயனைடு மண்குன்றின் அடிவாரத்தில் உள்ள பழைய நிறுவனக் குடியிருப்பு ஒன்றில் முப்பதாண்டுகள் ஒன்றாக வாழ்ந்த ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர் இருவரைக் கருதலாம். ஊரார் அவர்களை ‘சிநேகிதர்’ என்பர்; ஒரே ஷிப்டில் இறங்கியவர்கள் என்பர். வீடு யார் பெயரில் உள்ளதோ அவர் இறந்துவிடுகிறார். தன்பால் இணையரின் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு அளிக்க உச்சநீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டமையால், எஞ்சியவர் வாரிசாக மாட்டார். தொலைவிலிருந்து ஒரு தம்பி மகன் உரிமை கோரி வருகிறான். உண்மையை விசாரித்து அறிக்கை தர ஓர் எழுத்தர் அனுப்பப்படுகிறார். அண்டை வீட்டு மூதாட்டிக்கு எல்லாம் தெரியும்; தோழியைப் போல அறத்தொடு நிற்பதா, வாய்மூடி நிற்பதா என்பதை அவர்தாம் முடிவு செய்ய வேண்டும். எழுத்தர் கையிலுள்ள படிவத்தில் ‘இறந்தவருக்கு விண்ணப்பதாரர் என்ன உறவு’ என்னும் வரிக்கு எதிரே இடம் விடப்பட்டுள்ளது. அதன் கீழே கட்டைவிரல் ரேகை வைப்பதற்கு ஒரு சதுரம் இருக்கின்றது.